ஊசியும் ஒளியும் முழங்காலும்

மருதமுனைத் தறிகளைப் பற்றி எழுதினோர் பலர். அத்தறிகளை மிதித்த கால்களைப் பற்றி எழுதினோரைக் காண்பது அரிது. எமது ஊர்ச் சாரனின் கரையழகும் பிடவையின் வேலைப்பாடும் நாடெங்கும் பேசப்பட்டன. கடைக்காரரின் கணக்கில் முழமும் விலையும் ஏறின. ஆனால், சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு குழித்தறியின் பள்ளத்துள் காலை இறக்கி, பொழுது சாயும்வரை மிதிகட்டைகளை மாறி மாறி மிதித்த முழங்கால்கள் எவருடைய கணக்கிலும் ஏறவில்லை. வெளிநாட்டுத் துணி வரவு கட்டுப்படுத்தப்பட்டிருந்த அறுபதுகளிலும் எழுபதுகளின் முற்பகுதியிலும் இங்கு தறியோசை கேளாத தெருவில்லை எனலாம். 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்து, எஞ்சியிருந்த தறிகளிற் பலவற்றை அள்ளிச் சென்றது. தறி போயிற்று, முழங்கால் வலி மட்டும் வீட்டோடு தங்கிவிட்டது.

முழங்கால் என்பது எம்மவர் வாழ்வில் வெறும் நடக்கும் உறுப்பன்று. நிலத்தில் அமர்ந்து உண்பதும், குந்தியிருந்து மீன் கழுவுவதும், பன் பாயில் இருந்து நூல் சுற்றுவதும் முழங்காலை மடிப்பதால் நடப்பவை. எல்லாவற்றுக்கும் மேலாக, நாளொன்றுக்கு ஐந்து வேளை நெற்றியை நிலத்தில் வைத்தெழும் ஒரு சமூகத்துக்கு முழங்கால் என்பது மார்க்கக் கடமையோடு பிணைந்த உறுப்பு. பள்ளிவாசலின் ஓரத்தில் நாற்காலிகளில் அமர்ந்து தொழுவோரின் வரிசை ஆண்டுதோறும் நீள்வதை நாம் கண்டுவருகிறோம். பெண்கள் வீட்டில் தொழுவதால் அவர்களுடைய நாற்காலிகளை எண்ணுவாரில்லை.

அத்தகைய மூதாட்டி ஒருவரின் முழங்காலே இக்கட்டுரைக்குக் காரணம். எம்மிடம் உயர்தரம் கற்ற மாணவன் ஒருவனின் மூத்தம்மா அவர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தறியில் இருந்தவர். தேய்ந்த மூட்டை அகற்றிச் செயற்கை மூட்டுப் பொருத்தும் சத்திரசிகிச்சை அவருக்கு நடந்தேறியது. வைத்தியசாலை இலவசம், உள்ளே வைக்கும் உலோகத்துக்குப் பணம் தேட வேண்டியிருந்தது, மகளின் காப்பு ஒன்று அடகுக்குப் போயிற்று. வீடு திரும்பிய சில நாட்களில் எவரோ ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொணர்ந்து கொடுத்திருக்கிறார். முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சைக்குப் பின் வலி தணியவும் விரைவாக நடக்கவும் லேசர் அக்குபங்சர். குத்தல் இல்லை, இரத்தம் இல்லை, பக்க விளைவு இல்லை. இத்தனை தடவைக்கு இத்தனை ரூபா. மாணவன் அதை எம்மிடம் நீட்டிக் கேட்டான்: "சேர், இது விஞ்ஞானமா, யாவாரமா?"

ஒரு சொல்லில் விடையிறுக்க எம்மால் இயலவில்லை. நாம் தமிழ் கற்பிப்பவர், வைத்தியரல்லர். எனினும், ஒரு பொருள் எங்கிருந்து, எவர் கைகளின் வழியே எம்மிடம் வந்து சேர்ந்தது என்று தேடிப் பார்ப்பது எவரும் செய்யக்கூடிய காரியம்.

ஊசியின் கதையை மேலைநாட்டார் முதன்முதலில் விரிவாக அறிந்தது எமக்கு முற்றும் அந்நியமல்லாத ஒரு வாயிலின் ஊடாகவே. மட்டக்களப்புக் கோட்டையைக் கையில் வைத்திருந்த அதே ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனிதான் அவ்வாயில். அக்கம்பெனியின் வைத்தியராய் ஜப்பானில் பணிபுரிந்த வில்லெம் டென் ரைன என்பவர், 1683இல் லண்டனில் வெளியான தமது நூலில், ஊசி என்ற லத்தீன் சொல்லையும் குத்தல் என்ற லத்தீன் சொல்லையும் இணைத்து இவ்வைத்தியத்துக்குப் பெயர் சூட்டினார். அக்குபங்சர் என்று நாம் இன்று சொல்வது அப்பெயரையே. அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், பத்தாவியாவில் வாழ்ந்த புஷோஃப் என்னும் ஒல்லாந்தப் பாதிரியார், மூட்டுவாதத்தால் வருந்தித் தம் நாட்டு வைத்தியம் எதுவும் பலிக்காமற் போகவே, ஆசியப் பெண் வைத்தியர் ஒருவரிடம் மூலிகைப் பஞ்சைத் தோல்மேல் வைத்துச் சுடும் சிகிச்சை பெற்றுக் குணமடைந்ததாக ஒரு நூல் எழுதினார். பாதிரியாரின் பெயர் வைத்திய வரலாற்றில் நிலைத்தது. சுகப்படுத்திய பெண்ணின் பெயரை எவரும் குறித்து வைக்கவில்லை. தறி மிதித்தவரின் பெயரைத் துணியில் எவர் எழுதுகிறார்?

இவ்விடத்தில் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். ஊசி வைத்தியமும் எமது வர்மத்திலிருந்து சீனர் கற்றுக்கொண்டதே என்று மேடைகளிற் பேசுவோர் உளர். சான்று கேட்டால் காட்டுவதில்லை. பிறர் கண்ட நல்லதை எமதென்று பாத்தியதை கொண்டாடாமலே ஏற்கலாம்.

சீனத்திலேயே இவ்வைத்தியத்துக்கு எப்போதும் அரியணை இருந்ததில்லை என்பது பலர் அறியாத செய்தி. 1822இல் தாவோகுவாங் பேரரசர் அரண்மனை வைத்தியக் கழகத்திலிருந்து ஊசிப் பிரிவை நீக்கினார். அரசவையிலிருந்து வெளியேற்றப்பட்ட ஊசி, ஊர் சுற்றும் வைத்தியரின் பையில் வாழ்ந்தது. 1929இல் குவோமிந்தாங் ஆட்சியின் சுகாதார மகாநாட்டில், பழைய வைத்தியம் அனைத்தையுமே ஒழித்துவிட வேண்டும் என்ற பிரேரணையை யூ யுன்சியூ என்பவர் கொண்டுவந்தார். நாட்டு வைத்தியர்கள் திரண்டு எதிர்த்தமையால் அது நடைமுறைக்கு வரவில்லை. ஒருபுறம் மன்னராட்சி, மறுபுறம் நவீனத்துவம் பேசிய மேட்டுக்குடி. இரண்டுக்கும் வேண்டாத பொருளாய் ஊசி கிடந்தது.

அதைத் தேடி எடுத்தவர்கள், மருந்தே இல்லாத இடத்தில் படை நடத்தியவர்கள். ஜப்பானிய ஆக்கிரமிப்பையும் குவோமிந்தாங் முற்றுகையையும் எதிர்கொண்டிருந்த யெனான் பிரதேசத்தில் மயக்க மருந்தும் அரிது, மாத்திரையும் அரிது. அங்கு, மேலை வைத்தியம் பயின்ற சூ லியன் என்ற பெண் வைத்தியர், ரென் சுவோதியன் என்னும் முதியவரிடம் ஊசிக் கலையைக் கற்றார். 1951இல் அவர் எழுதிய 'புதிய அக்குபங்சர்' என்ற நூல், எம் போன்றோர் கவனிக்க வேண்டிய ஒரு காரியத்தைச் செய்தது. உடலினுள் ஓடும் கண்காணா உயிர்க்காற்று, அதன் பன்னிரு பாதைகள் என்ற பழைய விளக்கங்களைப் பின்தள்ளி, ஊசியின் பயனை நரம்பு மண்டலத்தின் துணைகொண்டு விளக்க அவர் முயன்றார். அவ்விளக்கம் முழுவதும் சரியோ தவறோ என்பது வேறு. கைப்பழக்கத்தைக் காத்துக்கொண்டு கற்பனையைக் கேள்விக்கு உட்படுத்தினாரே, அந்தத் துணிவுதான் பெரிது. பிற்காலத்தில் அப்பழைய பாதைகளே மீண்டும் பாடநூல்களில் முதலிடம் பெற்றன.

அந்த யெனானிலிருந்து ஒரு நூல் எமது உபகண்டத்தை நோக்கியும் நீண்டது. 1938இல் இந்திய தேசிய காங்கிரஸ் சீனத்துக்கு அனுப்பிய ஐந்து வைத்தியருள், துவாரகநாத் கோட்னிஸ் 1942இல் அம்மண்ணிலேயே உயிர் துறந்தார். அவர் கதை சினிமாப் படமாகவும் வந்தது. அவரோடு சென்ற விஜய் குமார் பாசுவை நினைப்போர் குறைவு. பாசு 1950களின் இறுதியில் மீண்டும் சீனம் சென்று ஊசி வைத்தியம் கற்று, கல்கத்தாவில் அதை ஆரம்பித்தார். அவர் இட்ட வித்தின் பயனாகவே, மேற்கு வங்க அரசு 1996இல் அக்குபங்சருக்கென ஒரு சட்டத்தை இயற்றும் நிலை உருவாயிற்று எனலாம்.

புதிய சீனம் 1955இல் பீக்கிங்கில் மரபு வைத்தியத்துக்கு ஒரு கழகம் அமைத்தது. 1965 ஜூன் 26ஆம் திகதி மாவோ, சுகாதார அமைச்சு நகரத்துக் கனவான்களுக்கே ஊழியம் செய்கிறது என்று சாடி, வைத்தியம் கிராமத்துக்குப் போகவேண்டும் எனப் பணித்தார். பின் வந்த 'வெறுங்கால் வைத்தியர்'களின் தோற்பையில் சில மாத்திரைகளும் கட்டுத்துணியும் ஒரு கொத்து ஊசிகளும் இருந்தன. சில மாதப் பயிற்சி. சில சதம் செலவு. அக்காலத்துப் பிரசாரங்கள் ஊசியால் ஊமை பேசியதாகவும் செவிடர் கேட்டதாகவும் முழங்கின. அவற்றை நாம் நம்ப வேண்டியதில்லை. சோஷலிச நாட்டிலிருந்து வந்தது என்பதற்காக ஒரு செய்தி பரிசோதனையிலிருந்து விலக்குப் பெறாது. ஆனால் ஊசி எவருக்காகக் கிராமம் சென்றது என்பது பொய்யன்று.

மேலை உலகம் விழித்துக்கொண்டதோ ஒரு பத்திரிகையாளரின் வயிற்றைப் பார்த்துத்தான். 1971 ஜூலையில் 'நியூயோர்க் டைம்ஸ்' பத்திரிகையின் ஜேம்ஸ் ரெஸ்டன் பீக்கிங்கில் இருந்தபோது அவருக்குக் குடல்வால் அழற்சி கண்டது. சத்திரசிகிச்சை நடந்த இடத்தின் அன்றைய பெயர் ஏகாதிபத்திய எதிர்ப்பு வைத்தியசாலை. அதைக் கட்டியது ராக்ஃபெல்லர் பணம்! ஊசியால் மயக்கி அவர் வயிற்றைக் கிழித்தார்கள் என்ற கதை இன்றும் உலவுகிறது. அது தவறு. வழக்கமான மருந்து கொண்டே அவரை மரக்கச் செய்தனர். மறுநாள் இரவு வயிறு பொருமி வருந்தியபோதுதான் ஊசி ஏற்றினர். வலது முழங்கையிலும், முழங்கால்களுக்குக் கீழேயும். ஜூலை 26ஆம் திகதி அவர் எழுதிய கட்டுரை வெளிவந்தது. அடுத்த ஆண்டு நிக்சன் பீக்கிங் சென்றார். அமெரிக்க வைத்தியர் கூட்டங்கூட்டமாகப் பின்தொடர்ந்தனர். ஆகவே, மேலை நாட்டைக் கவர்ந்த அந்த முதற் காட்சி, மாயாஜாலச் சத்திரசிகிச்சை அன்று. வெட்டிய பின் வரும் உபாதையைத் தணிப்பதே. மாணவன் கொணர்ந்த துண்டுப் பிரசுரம் சொன்னதும் அதையேதான்.

இலங்கை சீனத்தை 1950இலேயே அங்கீகரித்தது; 1952இல் இறப்பரைக் கொடுத்து அரிசியைப் பெற்றது; 1957இல் இராஜதந்திர உறவு பூண்டது. இந்த வழியில் ஊசியும் வந்தது. மூட்டுவாத நோய்களில் வல்லவரான டொக்டர் அன்டன் ஜயசூரிய 1974இல் சீனத்தில் இக்கலையைப் பயின்று திரும்பி, களுபோவிலையிலுள்ள கொழும்புத் தெற்கு அரசாங்க வைத்தியசாலையில் அக்குபங்சர் சிகிச்சை நிலையத்தை நடத்தினார். அரசாங்க ஆஸ்பத்திரி, ஏழைகள் இலவசமாய்ச் சென்றனர். அங்கே பயில வெளிநாட்டு வைத்தியரும் வந்தனர். பிற்காலத்தில் அவர் தோற்றுவித்த ஸ்தாபனத்தின் பட்டங்கள் பற்றிக் கேள்விகள் எழுந்தன. அது தனியே எழுதவேண்டிய கதை. எமக்கு வேண்டியது ஒன்றே: இந்நாட்டில் ஊசி ஒரு காலத்தில் அரசாங்க ஆஸ்பத்திரியின் வாங்கில் அமர்ந்திருந்தவர்களுக்காக இருந்தது.

இனி ஒளிக்கு வருவோம். 1960 மே 16ஆம் திகதி தியடோர் மைமன் அமெரிக்காவில் முதலாவது லேசரை ஒளிரச் செய்தார். செங்கல் ஒன்றிலிருந்து பிறந்த கற்றை அது. செங்கல் என்றால் வீடு கட்டும் கல்லன்று, மாணிக்கம். அதை வெட்டும் கருவியாகவே உலகம் முதலில் எண்ணியது. ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்டில் எந்திரே மெஸ்டர் என்னும் வைத்தியர், எலிகளின் கட்டியை லேசரால் எரிக்க முயன்றார். அவருடைய கருவியின் வலு போதவில்லை, கட்டி கரையவில்லை. ஆனால் ஒளி பட்ட இடத்தில், மழித்த மயிர் விரைந்து வளர்ந்தது. காயமும் விரைந்து ஆறியது. 1967ஆம் ஆண்டின் இந்தத் தோல்வியிலிருந்துதான் மென்லேசர் வைத்தியம் பிறந்தது. பணக்கார நாட்டின் வலிய கருவி அவரிடம் இருந்திருந்தால் இதைக் கண்டிருக்கமாட்டார்.

சோவியத் யூனியனின் அல்மா ஆட்டா நகரிலும் செவ்வொளி லேசர் உயிர்களின்மேல் விளைக்கும் மாற்றங்களை ஆராய்ந்தனர். எழுபதுகளில் அவ்வொளியை ஊசிப் புள்ளிகளின்மேல் பாய்ச்சும் பழக்கம் பல நாடுகளில் தோன்றியது. அங்கு நடந்தவை யாவும் விஞ்ஞானமல்ல. உடலைச் சூழ்ந்த ஒளிவட்டம் பற்றிய மயக்கங்களும் கலந்திருந்தன. அதே அல்மா ஆட்டாவில்தான் 1978இல் உலக நாடுகள் கூடி, அடிப்படைச் சுகாதாரம் எல்லா மக்களுக்கும் உரியது என்று பிரகடனம் செய்தன. ஒரே நகரின் பெயர் இவ்விரண்டு கதைகளிலும் வருவது தற்செயலே. ஆனால் எமது கேள்விக்கு இரண்டும் வேண்டும்.

இக்கருவியின் வேலை எளிது. பேனா போன்ற ஒரு முனை. சில மில்லிவாட் முதல் சில நூறு மில்லிவாட் வரையான வலு. சிவப்பு அல்லது கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளி. சுடாது, எரியாது, தோலுக்குக் கீழே மிகச் சிறிதளவே ஊடுருவும். புள்ளி ஒன்றுக்குச் சில விநாடிகளோ நிமிடங்களோ பிடிப்பர். கண்ணில் நேரே படாதவாறு கண்ணாடி அணிவர். முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் வெளிப்புறத்தில் உள்ள புள்ளிக்குச் சீனர் 'காலின் மூன்று லீ' என்று பெயரிட்டிருக்கின்றனர். களைத்த வழிப்போக்கன் அதை அழுத்திக்கொண்டு இன்னும் மூன்று லீ தூரம் நடப்பான் என்று ஒரு கதையும் உண்டு. புதிய மூட்டுப் பொருத்திய காலில் ஊசி குத்த வைத்தியர் அஞ்சுவர். குருதி உறையாதிருக்க மருந்து கொடுத்திருப்பர்; கிருமி புகுந்தால் உலோகத்தையே கழற்ற நேரிடும். குத்தாத ஒளி அவ்விடத்தில் வசதியானது என்பதை மறுப்பதற்கில்லை.

அந்த உலோகத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1890 மே மாதம் பெர்லினில் தெமிஸ்டோக்ளிஸ் க்ளுக் என்பவர், காசநோயால் மூட்டு அழிந்த பதினேழு வயதுப் பெண்ணொருத்திக்கு யானைத் தந்தத்தால் செய்த கீல் ஒன்றை முழங்காலில் பொருத்தினார். கிருமி வென்றது, அம்முயற்சி கைவிடப்பட்டது. இங்கிலாந்தின் ரைற்றிங்ரன் வைத்தியசாலையில் பிராங்க் கன்ஸ்டன் 1968இல் அமைத்த மூட்டும், நியூயோர்க்கில் ஜோன் இன்சால் குழுவினர் 1974இல் பொருத்திய மூட்டுமே இன்றைய முறையின் முன்னோர். தொடையெலும்பின் நுனியில் கோபால்ட்-குரோமியக் கவசம், கீழெலும்பின் தலையில் உலோகத் தட்டு, இடையே பொலிஎதிலீன் மெத்தை. இவை யாவும் நாற்காலியில் உண்டு, நாற்காலியில் தொழில் செய்து, நின்றோ நாற்காலியில் அமர்ந்தோ வணங்கும் சமுதாயங்களில் வரையப்பட்டவை. படியேறவும் கதிரையில் இருந்தெழவும் ஏறத்தாழ நூறு, நூற்றுப்பத்துப் பாகை மடிந்தால் போதும். இருப்பில் அமர்ந்து தொழ அது போதாது. கூடுதலாக மடியும் மூட்டுகளைப் பின்னர் செய்தார்கள். ஆயினும் சத்திரசிகிச்சைக்குப் பின் குந்துவதைத் தவிர்க்குமாறே பெரும்பாலான வைத்தியர் சொல்கின்றனர். மூத்தம்மா சத்திரசிகிச்சைக்கு முன்பு கேட்ட முதற் கேள்வி வலியைப் பற்றியதன்று. ஸுஜூது செய்யலாமா என்பதே. நாற்காலியில் இருந்து தொழ மார்க்கத்தில் சலுகையுண்டு என்று மௌலவி சொன்னார். அவர் அழுதார் என்று மாணவன் கூறினான்.

விலை பற்றியும் ஒரு சொல். இந்திய அரசாங்கம் 2017 ஆகஸ்ட் 16ஆம் திகதி முழங்கால் மூட்டுகளுக்கு உச்ச விலை விதித்தபோது, சராசரியாக 1,58,324 இந்திய ரூபாவுக்கு விற்கப்பட்ட கோபால்ட்-குரோமிய மூட்டின் விலையை, வரி நீங்கலாக 54,720 ரூபா என நிர்ணயித்தது. ஒரே இரவில் உலோகம் மலிந்துவிடவில்லை. இடையில் நின்றவர்களின் பங்கு எவ்வளவு என்பதையே அந்த இரு எண்களும் காட்டின.

இப்போது மாணவனின் கேள்வி. லேசர், ஊசிக்கு ஒரு பேருதவி செய்திருக்கிறது என்பது எமது அபிப்பிராயம். அது வலி தணித்ததால் அன்று. ஊசி குத்தினால் குத்தியது நோயாளிக்குத் தெரியும். குத்தாமல் ஏமாற்றுவது கடினம். லேசரோ உணரப்படுவதில்லை. அணைத்த கருவியைப் பிடித்தாலும் எரியும் கருவியைப் பிடித்தாலும் நோயாளி வேறுபாடு அறியார். ஆகவே, நம்பிக்கையின் பயன் எவ்வளவு, ஒளியின் பயன் எவ்வளவு என்று பிரித்தறிய அது வழிசெய்தது. 2014இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர், நாட்பட்ட முழங்கால் வலியுடைய, ஐம்பது வயதைக் கடந்த 282 பேரை நான்கு கூறாக்கிப் பரிசோதித்தனர்: ஊசி, லேசர், போலி லேசர், ஒன்றுமில்லை. பன்னிரண்டு வாரத்தின் முடிவில், ஒன்றும் பெறாதவரைவிட ஊசியும் லேசரும் பெற்றவருக்கு வலி சற்றுத் தணிந்திருந்தது. ஆனால் அணைத்த கருவியை விட அவை மேலானவையாய் இருக்கவில்லை.

அது நாட்பட்ட வலி. வெட்டிய காலின் வலி வேறு வகை. 2017இல், முழங்கால் மாற்றுக்குப் பின் மருந்தல்லாத முறைகளைப் பற்றிய 39 பரிசோதனைகளைத் தொகுத்து நோக்கியவர்கள், அக்குபங்சரும் மின்தூண்டலும் அபின் வகை மருந்துகளின் தேவையைக் குறைக்கலாம் அல்லது தாமதப்படுத்தலாம் என்பதற்கு மிதமான சான்றுண்டு என்றனர். 2019இல் தைவானிலிருந்து வெளியான ஆய்வொன்று, மூட்டு மாற்றிய முதியவருக்கு லேசர் அக்குபங்சர் அளித்தபோது, போலிச் சிகிச்சை பெற்றவரைவிட வலியும் மோர்பின் உபயோகமும் குறைந்ததாகக் கண்டது. ஆய்வு சிறியது, ஆனால் போலிக் கருவியோடு ஒப்பிட்டது என்பதால் மதிக்கத்தக்கது. ஆகவே முழுப் பொய் என்று ஒதுக்கவும் இயலாது. துண்டுப் பிரசுரம் சொல்லும் உறுதியோடு ஏற்கவும் இயலாது.

இந்த ஆய்வுகளில் அளக்கப்படுவது பெரும்பாலும் மோர்பின் குறைந்ததா என்பதே; அதற்கும் காரணமுண்டு. அமெரிக்காவில் மருந்துக் கம்பெனிகள் அபின் வகை மாத்திரைகளைக் கணக்கின்றி விற்று, இலட்சக்கணக்கானோர் மாண்டனர். அங்கு, மாத்திரையைக் குறைக்கும் எதுவும் தேடப்படும் பொருள். எமது நிலை மறுதலை. 2022இல் இந்நாட்டின் கையிருப்புத் தீர்ந்தபோது, அரசாங்க ஆஸ்பத்திரிகளில் சாதாரண மருந்துக்கே மக்கள் தவித்தனர். மருந்து மிகுந்ததால் பிறந்த தேவையும் மருந்தற்றதால் பிறந்த தேவையும் ஒன்றல்ல. யெனானில் ஊசி எடுத்தவர்களுக்கு நாமே நெருங்கியவர்கள். ஆனால் எமக்கு வந்து சேர்வதோ மற்றக் கரையின் கருவி, மற்றக் கரையின் விலையில். எமது ஊர்களில் ஹிஜாமாவுக்கும் இதே கதி நேர்ந்து வருகிறது. ஸுன்னத்தாகப் போற்றப்பட்ட ஒன்று, கண்ணாடிக் கதவும் கட்டணப் பட்டியலும் உள்ள கடையாகி நிற்கிறது.

ஒளியோ ஊசியோ செய்ய முடியாத வேலை ஒன்றுண்டு. வெட்டுண்ட மூட்டு, மடித்து நீட்டாவிடின் இறுகும். தொடைத் தசை, வேலை கொடாவிடின் வற்றும். முதல் நாளே எழுந்து நடப்பதும், முதல் வாரங்களில் தொண்ணூறு பாகை மடிக்கப் பழகுவதும், மாதக்கணக்கில் தசையை வலுப்படுத்துவதும்தான் புதிய மூட்டைக் காலாக்குகின்றன. லேசர் வலியைச் சற்றுத் தணித்தால் அப்பயிற்சிக்குத் துணையாகலாம். அதற்குப் பதிலாக ஒருபோதும் நிற்காது. அதைக் கற்பிப்பவர் இயன்மருத்துவர். அவரிடம் செல்லக் கூலிக்கு ஓட்டோவும், கூடச் செல்ல வீட்டில் ஒருவரும், அவர் தம் ஒருநாட் கூலியை இழக்கச் சம்மதமும் வேண்டும். துண்டுப் பிரசுரங்கள் இச்செலவுகளைப் பேசுவதில்லை.

நாம் மாணவனிடம் சொன்னது இதுதான்: விஞ்ஞானம் இன்னும் முடிவு சொல்லவில்லை; வியாபாரம் முந்திக்கொண்டது. இக்கருவிக்குப் பயன் உண்டென்று பெரிய ஆய்வுகள் காட்டுமாயின், அதை வாங்கி வைக்கவேண்டிய இடம் அரசாங்க ஆஸ்பத்திரியின் இயன்மருத்துவப் பிரிவு. களுபோவிலையில் ஊசி இருந்த இடம். அதைக் கேட்பது எமது உரிமை. அதுவரை அடகுக்குப் போக இன்னொரு காப்பு வேண்டாம். அந்தப் பணம் ஓட்டோவுக்கு ஆகட்டும். வலி தாங்காவிடின் சத்திரசிகிச்சை செய்த வைத்தியரிடமே கேட்கலாம். மருந்து கேட்பது பலவீனமன்று. ஒருகால் அவரே லேசரை எங்கேனும் இலவசமாகப் பெற வழி சொன்னால், தடுக்கவும் வேண்டாம்.

அவன் தலையசைத்தான். திருப்தியடைந்தானா என்று நாம் அறியோம். மூத்தம்மாவைப் பார்க்கச் சென்றபோது அவர் கூடத்தின் சீமெந்துத் தரையில், சுவரில் முதுகு சாய்த்து, காலை நீட்டி அமர்ந்திருந்தார். குதிக்காலின் கீழே பழைய சாரன் துண்டொன்று. துண்டோடு குதிக்காலைத் தம்மை நோக்கி இழுப்பார்; பல்லைக் கடிப்பார்; விடுவார். பேரன் எண்ணுகிறான். பத்தை எட்டியதும், "தறியில இதவிட மிதிச்சேன் மகன்" என்றார் எம்மைப் பார்த்து. குதிக்கால் எட்டிய இடத்தில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பேரன் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இடுகிறான். தரையில் ஐந்து கோடுகள் இருந்தன. ஐந்தாவது, நான்காவதிலிருந்து இரண்டு விரற்கடை உள்ளே வந்திருந்தது.